சும்மா இருக்கும் உரிமை: பச்சீசி முதல் லூடோச் செயலி வரை

பலகையில் ஆடும் பகடையாட்டம் ஒன்றை இணையத்துக்குக் கொண்டுவருவோர் முதலில் அகற்ற விரும்புவது 'தேவையற்ற முறை'யை. ஆடுபவர் தம் முறையில் செய்வதற்கு ஏதுமில்லை என்றால் அது தேவையற்ற முறை. எந்தக் காயையும் நகர்த்த இயலாதெனில் செயலி அடுத்தவருக்குத் தாவிவிடும். ஒரே ஒரு காயை மட்டும் நகர்த்த இயலுமெனில், நம் விரல் திரையைத் தொடும் முன்பே அதைத் தானாக நகர்த்திவிடும். நேர மிச்சம் என்ற அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த முறை தேவையற்றது என்ற தீர்மானம் எங்கே பிறந்தது என்று பின்னோக்கிச் சென்றால், அதன் வேர் கணினிக்கும் வெகு முந்தைய ஒரு விதிமாற்றத்தில் இருப்பது தெரிகிறது. இப்பதிவு அவ்விதிமாற்றத்தைப் பற்றியது. சற்று நீளம், நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் காத்திருப்பின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். லூடோவில் காய் வெளியே வர 6 விழ வேண்டும். ஒரு முறையில் அதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. நம் தாயத்தில் கருவி வேறு. நான்கு நீள்முகங்களில் வெறுமை, 1, 2, 3 என்று குறியிட்ட இரண்டு கட்டைகள். கூட்டினால் 1 வருவது தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயத்துக்கும் 5, 6, 12 ஆகியவற்றுக்கும் மறுபடி உருட்டலாம் என்பது பரவலான வழக்கு. மொத்தம் 16 விளைவுகள். அவற்றுள் தாயம் 2. மறுபடி உருட்டவைக்கும் ஏனைய எண்கள் 4. முறையை முடித்துவிடுபவை 10. மறுபடி உருட்டவைக்கும் எண்கள் தீர்ப்பைத் தள்ளிவைப்பவை மட்டுமே என்பதால், ஒரு முறைக்குள் தாயம் விழும் வாய்ப்பு 12-இல் 2. அதாவது இங்கும் ஆறில் ஒன்று. கட்டை வேறு, கனசதுரம் வேறு, காத்திருப்பு ஒன்றே.

ஆறில் ஒன்று என்றால் சராசரியாக ஆறு முறை. பத்து முறை கடந்தும் ஒருவர் வெளியே வராமலிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு. நால்வர் ஆடும்போது, பத்தாம் சுற்றின் முடிவிலும் குறைந்தது ஒருவரேனும் ஒரு காயைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருப்பது இரண்டு ஆட்டங்களுக்கு ஒன்றில் நிகழக்கூடியது. செயலி வடிவமைப்பாளரின் எரிச்சல் புரிந்துகொள்ளத்தக்கதே. திண்ணையில் அந்தப் பத்துச் சுற்றுகளையும் பேச்சும் கேலியும், அடுத்தவர் கட்டத்தைச் சரியாக எண்ணுகிறாரா என்ற கண்காணிப்பும் நிரப்பின. முகமறியாத நால்வர் நான்கு ஊர்களிலிருந்து ஆடும்போது நிரப்புவதற்கு எதுவுமில்லை.

இந்தக் காத்திருப்பை வேண்டுமென்றே பயன்படுத்திய ஓர் அரசவையும் இருந்தது. அபுல் ஃபசல் அயினி அக்பரியில் சௌபர் ஆட்டத்தை விவரிக்கும்போது, அக்பரின் அவையில் சில ஆட்டங்கள் மூன்று மாதம்வரை நீண்டன என்றும், பொறுமையிழந்து தவித்தவர் ஒரு கோப்பை மது அருந்தவேண்டியிருந்தது என்றும் எழுதுகிறார். மனிதர்களின் இயல்பை எடைபோடுவதற்கு அரசர் இவ்வாட்டத்தைக் கையாண்டார் என்பது அவர் தரும் விளக்கம். அரசரைப் புகழ்வதே தொழிலான ஒருவரின் கூற்று என்பதால் அவ்விளக்கத்தை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஃபதேபூர் சிக்ரி முற்றத்தில் தரையிலேயே அமைந்துள்ள பச்சீசிப் பலகையில் அடிமைப் பெண்களையே காய்களாக நிறுத்தி ஆடினார்கள் என்னும் கதையையும் அதே எச்சரிக்கையுடன்தான் கேட்கவேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு. ஆடாமல் அமர்ந்திருக்கும் நேரமும் ஆட்டத்தின் பகுதியே என்பது அக்காலத்தில் சொல்லத்தக்க, புகழத்தக்க கருத்தாக இருந்தது.

பச்சீசியின் விதிகளுக்குள் சென்றால் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பச்சீசி என்ற பெயர் 25 என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து வந்தது; ஆறு சோழிகளை வீசும் வழக்கில் ஆறும் வாய் கவிழ்ந்து விழுந்தால் 25. நால்வர் இரண்டு அணியாக, எதிரெதிரே அமர்ந்த இருவர் கூட்டாளிகளாக ஆடுவது மரபு. ஒருவர் மட்டும் தம் நான்கு காய்களையும் கரைசேர்த்துவிட்டால் வெற்றியில்லை; கூட்டாளியும் சேரவேண்டும். இங்கேதான் நான் கவனத்தை ஈர்க்க விரும்பும் விதி வருகிறது. பச்சீசியில் ஒருவர் தம் முறையில் சோழியை வீசாமலே விடலாம். வீசிய பின்னும், விழுந்த எண்ணைப் பயன்படுத்த மறுக்கலாம்.

ஏன் மறுக்கவேண்டும்? பாதுகாப்பான கட்டத்தில் நிற்கும் காயை எதிரி வெட்டக்கூடிய இடத்துக்குத் தள்ளாமலிருக்க, என்பது எளிய காரணம். நுட்பமான காரணம் கூட்டாளி. நான் முந்திக்கொண்டு எல்லாக் காய்களையும் ஏற்றிவிட்டால், பின்தங்கிய கூட்டாளி இரண்டு எதிரிகளைத் தனியே சந்திக்கவேண்டும். அவரைத் துரத்தும் காயை வெட்டுவதற்குப் பலகையில் என் காய் எதுவும் இராது. ஆகவே வெற்றியின் வாசலில் நிற்கும் ஒருவர் வேண்டுமென்றே தங்கி நிற்பது பச்சீசியில் திறமையின் அடையாளம். ஏறவேண்டிய காயை ஏற்றாமல் மீண்டும் ஒரு சுற்று அனுப்பி, கூட்டாளிக்குக் காவலாக்கும் வழக்கமும் உண்டு.

என் துறையின் பார்வையில் இதை ஒருகணம் பார்க்க அனுமதியுங்கள். உரையாடலில் முறை மாறுவதைப் பற்றி சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர் அனைவரும் படிப்பது. ஒருவரிடம் கேள்வி கேட்டபின் விழும் அமைதி எல்லோருக்கும் பொதுவான அமைதி ஆகாது. கேட்கப்பட்டவருடைய அமைதி அது. அதற்கு உரியவர் உண்டு, ஆகையால் பொருளும் உண்டு. பச்சீசியில் மறுக்கப்பட்ட முறை அத்தகையது. எதிரே அமர்ந்த கூட்டாளி அதைப் படித்துக்கொள்கிறார்: 'நான் உனக்காக நிற்கிறேன்.' பலகைக்கு வெளியே ஒரு சொல்லும் பேசாமல் நிகழும் உரையாடல்.

இனி விதிமாற்றம். இவ்வாட்டம் அமெரிக்காவில் 'பார்ச்சீசி' என்ற பெயரில் 1874-இல் வணிகக்குறி பெற்றது. இங்கிலாந்தில் 1896-இல் 'லூடோ'வாகக் காப்புரிமை பெற்றது. சோழிகளின் இடத்துக்குக் கனசதுரப் பகடையும் அதைக் குலுக்க ஒரு குவளையும் வந்தன. கூட்டணி நீங்கி ஆளுக்கு ஆள் போட்டியாயிற்று. பிள்ளைகள் ஆடத்தக்கதாக எளிமைப்பட்ட அந்த ஆட்டத்தில், நகர்த்த முடிந்தால் நகர்த்தியே ஆகவேண்டும் என்பது பொதுவிதியாக நிலைத்தது. கூட்டாளி இல்லாத இடத்தில் தங்கி நிற்பதற்கான பெரிய காரணமும் இல்லாமற்போனது என்பதும் உண்மையே. 'லூடோ' இலத்தீனில் தன்மை ஒருமை வினைமுற்று. 'நான் ஆடுகிறேன்' என்று பொருள். காயைத் தானே நகர்த்தும் செயலியின் முகப்பில் அச்சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'நான்' யார் என்று இலக்கண மாணவருக்கு ஐயம் எழும்.

நிரல் எழுதுவோருக்கு இதை அவர்கள் மொழியிலேயே சொல்லலாம். பகடை விழுந்தவுடன், அனுமதிக்கப்பட்ட நகர்வுகளின் பட்டியலைக் கணினி தயாரிக்கிறது. பட்டியல் வெறுமையா, முறையைக் கடத்து. ஒன்றே ஒன்றா, அதை நிறைவேற்று. ஒன்றுக்கு மேலா, ஆடுபவரைக் கேள். லூடோவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பச்சீசிக்குப் பொருந்தாது. ஏனெனில் பச்சீசியில் அப்பட்டியலில் எப்போதும் கூடுதலாக ஒரு வரி உண்டு: சும்மா இருத்தல். ஒரு காயை நகர்த்த முடியுமெனில் தெரிவுகள் ஏற்கெனவே இரண்டாகிவிட்டன. ஆகவே பச்சீசியில் கட்டாய நகர்வு என்பதே கிடையாது. செயலி நமக்காகச் செய்துமுடிக்கத்தக்க 'தேவையற்ற' நகர்வும் கிடையாது. இன்று மென்பொருள் செய்யும் சுருக்கம் முழுவதும், சும்மா இருக்கும் உரிமை நீங்கிய விதிநூலின்மேல் எழுந்தது. கணினி அதை நீக்கவில்லை. நீங்கியிருந்ததை வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது.

இத்தருக்கத்தை எதிர்த்திசையில் கடைசிவரை நீட்டினால் வேடிக்கையான இடத்துக்கு வந்துசேர்வோம். பரமபதத்தில் ஆடுபவருக்குத் தெரிவே இல்லை. எல்லா முறையும் கட்டாய நகர்வு. தேவையற்றதை முழுமையாக நீக்கும் செயலி, தொடக்கப் பொத்தானை அழுத்தியவுடன் யார் வென்றார் என்று அறிவித்துவிடவேண்டும். அப்படி எவரும் செய்வதில்லை. பாம்பின் தலைக்கு முந்தைய கட்டத்தில் பகடை உருள்வதைப் பார்ப்பதற்காகத்தான் ஆடுகிறோம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இணையத்தில் இந்தச் சிக்கலை முதலில் நேர்மையாகக் கையாண்டது பேக்கமன் உலகம் என்பது என் மதிப்பீடு. 1992-இல் ஆண்ட்ரியாஸ் ஷ்னைடர் தொடங்கிய முதல் இணைய பேக்கமன் சேவையகம் முற்றிலும் எழுத்துவடிவில் இயங்கியது. டெல்நெட் வழியே இணைந்து, நகர்வுகளைத் தட்டச்சு செய்யவேண்டும். ஒவ்வொரு கட்டளையும் வலையமைப்பைக் கடந்து சென்று திரும்பிய காலம். கட்டாய நகர்வுகளைச் சேவையகமே செய்துவிட்டால் பெருமளவு நேரம் மிஞ்சும். செய்யவும் செய்தார்கள், ஆனால் ஆடுபவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் திறக்கவோ மூடவோ கூடிய விருப்பத்தேர்வாக வைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் காய்களைத் தானாக வெளியேற்றுவதற்குத் தனித் தேர்வு. பந்தயத்தை இரட்டிப்பாக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டுமா என்பதற்கு இன்னொன்று.

மூன்றாவது தேர்வு முக்கியமானது. 1920-களில் நியூயார்க்கில் பேக்கமனோடு சேர்ந்த இரட்டிப்பு விதியின்படி, பகடையை உருட்டுவதற்கு முன்பு மட்டுமே பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம். ஆகவே பகடையைத் தானாக உருட்டிவிடும் மென்பொருள், எதையும் நகர்த்தாமலே ஆடுபவரின் மிகப்பெரிய முடிவைப் பறித்துவிடுகிறது. 'வெறும் உருட்டல்தானே' என்று வெளியாள் நினைக்கும் கணத்தில் ஒரு தெரிவு ஒளிந்திருக்கிறது. மேசையில் ஆடுவோரும் தாமே சுருக்கம் செய்வதுண்டு: எதிரி ஆறு கட்டங்களையும் அடைத்துவிட்டால், வெட்டுண்ட காயை வைத்திருப்பவர் பகடையைத் தொடாமல் கைகட்டி இருப்பார். அது இருவரும் கண்ணால் கண்டு ஒப்பிய சுருக்கம்.

இந்தியாவில் அடுத்த கட்டம் கைப்பேசி. மும்பைப் பகுதி நிறுவனம் ஒன்று உருவாக்கிய லூடோ கிங் 2016-இல் வெளிவந்து, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு பரவியது. பின்னர் பணம் வைத்து ஆடும் லூடோக்கள் பெருகின. அவற்றுள் சிலவற்றில் 6-க்குக் காத்திருத்தலே இல்லை. காய்கள் தொடக்கத்திலேயே வெளியே நிற்கும், ஆட்டத்துக்குக் கால வரம்பு உண்டு, நகர்ந்த கட்டங்களுக்குப் புள்ளி. வேகத்துக்கான ஏற்பாடு என்பது ஒரு பாதிதான். 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறன் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என்று கூறியது. அந்த வாசலில் நுழைய விரும்பிய எவருக்கும், பத்துச் சுற்று உட்காரவைக்கும் 6 ஒரு தடை. காத்திருப்பை நீக்கினால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்ததாக வாதிடலாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே பொருட்படுத்தாமல் பண ஆட்டங்களைத் தடைசெய்ததால் அவ்வாதம் ஓய்ந்திருக்கிறது. ஒரு தேவையற்ற முறையை நீக்குவதற்குச் சட்டப் பயனும் இருந்தது என்பது வரலாற்று மாணவர் குறித்துவைக்கவேண்டிய செய்தி.

சொற்கள் இவற்றையெல்லாம் மெதுவாக நினைவில் வைத்திருக்கின்றன. தாயம் என்பது பகடையில் விழும் எண். தாயாதிகள் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பச் சொத்தும் தாயம்தான். கேட்டு வாங்க முடியாமல், விழும்போது ஏற்றுக்கொள்ளவேண்டிய பங்கு. கரைசேர்ந்த காயைத் தமிழில் பழம் என்கிறோம். வடக்கே அதே காயை 'பக்கி', அதாவது பழுத்தது என்கிறார்கள். இரு மொழிக்குடும்பங்களும் பலகையின் நடுவே ஒரே உருவகத்தை வைத்திருக்கின்றன. பழுப்பதற்குக் காலம் வேண்டும் என்பது அவ்வுருவகத்தின் உள்ளேயே இருக்கிறது.

நகர்வே இல்லாத முறையைச் செயலி கடத்திவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. பகடை விழுந்ததைக் கண்ணால் பார்க்கும் அவகாசம் மட்டும் வேண்டும். ஒற்றை நகர்வைத் தானாகச் செய்வது, 1992-இல் போலவே ஆடுபவரின் தேர்வாக இருக்கட்டும். ஆனால் 'பச்சீசி', 'சௌபர்' என்ற பெயர்களை இட்டுக்கொண்டு லூடோவின் பட்டியலை ஓட்டும் மென்பொருளை நான் ஏற்கமாட்டேன். ஆட்டத்தைத் திரையிலேயே கற்கும் தலைமுறைக்கு, மறுக்கலாம் என்ற விதி இருந்தது தெரியவே வாய்ப்பில்லை. செயலியில் இல்லாததை எவரும் தேடுவதில்லை.

களப்பணிக்குச் செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தாயம், சௌபர், பச்சீசி ஆடும் முதியவர்களைச் சந்தித்தால் விதிகளோடு இதையும் கேளுங்கள்: விழுந்த எண்ணை ஆடாமல் விடலாமா? விடலாமெனில் அப்போது வாயால் என்ன சொல்வார்கள்? அந்தச் சொல்லை, எந்த மொழியானாலும், ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.