கல்கத்தாவில் தோற்ற ஆட்டம்

சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்தது என்று பெருமை பேசும் நாம், அதன் பிற்கால வரலாற்றில் நம் நாட்டவர் பதித்த தடங்களை எண்ணிப் பார்ப்பது அரிது. அத்தகைய தடமொன்று கல்கத்தா மாநகரில் உண்டு.

ஸ்காட்லாந்தினரான ஜான் காக்ரேன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரில் பாரிஸ்டராக விளங்கியவர், சதுரங்கத்திலும் வல்லவர். மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்க அந்தணர் அவருடன் பலநூறு ஆட்டங்கள் ஆடினார். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அம்முறையில் ஊறிய மகேஷ் சந்திரர், நடுக்களத்தைக் கைப்பற்ற விரையாமல், குதிரையை முன்னிறுத்தி, மந்திரியை ஓரத்தில் அமர்த்திக் குறுக்காகக் குறிபார்க்க வைத்தார். எதிரி நடுவில் அரண் கட்டட்டும். பின்னர் அதனைத் தகர்ப்போம் என்பதே இதன் உட்கருத்து.

1855 மே மாதத்தில் காக்ரேனுக்கு எதிராகக் கருங்காய்களுடன் ஆடிய அவர், மூன்றாம் நகர்விலேயே ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் செலுத்தி அவ்வரணைத் தாக்கினார். எனினும் வெற்றி காக்ரேனுக்கே. 18 நகர்வுகள் முடிந்தபோது, ராணியைப் பலியிட்டுக் குதிரையால் கருப்பு அரசனை மூலையிலேயே மடக்கும் வழி அவருக்குத் திறந்திருந்தது.

67 ஆண்டுகள் கழிந்தன. 1922இல் ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் குருன்பெல்டு அதே தொடக்கத்தைப் போட்டிகளில் ஆடினார். வியன்னாப் போட்டியில், பின்னாளில் உலக வீரரான அலெகினையே அதனால் வென்றார். அன்று முதல் அது ‘குருன்பெல்டு தற்காப்பு’ ஆயிற்று. அவரை நாம் குறை கூறுவதற்கில்லை. போட்டிக் களத்தில் அதனை நிலைநாட்டியவர் அவரே. ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பொதுப்பெயர் அக்குடும்பத்திற்கு வழங்குவதும் உண்மையே. ஆயினும் நாட்டின் பெயர் நிலைத்தது. ஆடியவரின் பெயர் மறைந்தது. பழைய ஏடுகளில் அப்பெயர் ஒரே எழுத்துக்கூட்டலிலேனும் காணப்படவில்லை. அயல் மாநிலப் பதிவேடுகளில் நம் பெயர்கள் படும் பாட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று.

2010இல் சோபியா நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் விசுவநாதன் ஆனந்தும் இத்தற்காப்பை ஆடித் தோற்றார். ஆனால் பட்டத்தை இழக்கவில்லை. ஓர் ஆட்டத்தின் தோல்வி ஒரு கருத்தின் தோல்வியாகாது. நம் பிள்ளைகளுக்கு இத்தொடக்கத்தைக் கற்பிக்கும்போது, குருன்பெல்டின் பெயரோடு கல்கத்தாவில் தோற்றவரின் பெயரையும் சேர்த்தே சொல்லி வைப்போமாக.