வழிச்சீட்டும் வழிப்போக்கனும்

தரைவழியே அயல்நாடு போகிறவனுக்கு முற்காலத்தில் மூன்று பயங்கள் இருந்தன: கள்வர் பயம், காட்டு விலங்கின் பயம், காய்ச்சல் பயம். நான்காவதாக இன்னொரு பயமும் உண்டு. சரித்திர ஆசிரியர்கள் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அதைக் காகிதப் பயம் என்று சொல்லலாம். கையில் உள்ள சீட்டு அடுத்த சாவடியில் செல்லுமா, செல்லாதா என்ற பயம். கள்வனிடம் கெஞ்சிப் பார்க்கலாம். விலங்கைக் கண்டால் மரத்தில் ஏறலாம். சாவடிக்காரன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது என்ன செய்வது?

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகை வலம் வந்தபோது, இந்தப் பயம் அன்றுதான் பிறந்ததுபோல் எல்லோரும் பேசிக் கொண்டார்கள். உண்மையில் அதற்கு அறுநூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதன் ஜாதகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

அட்ரியாடிக் கடற்கரையில் இன்று டுப்ரோவ்னிக் என்று வழங்கும் நகரத்துக்கு அந்நாளில் ரகூசா என்று பெயர். வாணிகத்தை நம்பி வாழ்ந்த சிறு நகரம். 1377 ஜூலை மாதத்தில் அதன் பெரிய சபை ஒரு சட்டம் இயற்றியது. கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருகிறவர்கள் மிர்கான் என்ற குட்டித் தீவிலோ, சாவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். உறவு கொண்டாடிக் கொண்டு அங்கே அவர்களைப் பார்க்கப் போகும் உள்ளூர்க்காரனும் ஒரு மாதம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்! கதவை அடைத்தால் பட்டினி, திறந்தால் சாவு. இரண்டுக்கும் நடுவே முப்பது நாள் என்று ஒரு பாலம் கட்டினார்கள் அந்த வியாபாரிகள். நாளடைவில் முப்பது நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' என்ற வார்த்தை உண்டாயிற்று.

இரண்டு நூற்றாண்டு கழித்து இந்த வழியில் ஒரு பெரிய மனிதர் வருகிறார். கட்டுரை என்ற இலக்கிய வகைக்கே தந்தை என்று போற்றப்படும் பிரெஞ்சுக்காரர் மாண்டேன்தான் அவர். சிறுநீரகக் கல் அவரை வாட்டியது. வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு 1580-இல் குதிரையேறி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி வழியாக இத்தாலிக்குப் போனார். அவருடைய பயணக் குறிப்பின் முற்பகுதியை எழுதியவர் காரியதரிசி. வெரோனா நகர வாயிலைப் பற்றி அதில் ஒரு செய்தி வருகிறது. டிரெண்டோவில் வாங்கி, ரோவெரெட்டோவில் உறுதி செய்துகொண்ட சுகாதாரச் சீட்டு இல்லாவிட்டால் அந்த நகருக்குள் நுழைந்திருக்கவே முடியாதாம். அப்போது நோய் பரவியிருப்பதாக ஒரு வதந்திகூட இல்லை. வழக்கத்துக்காகக் கேட்கிறார்கள், அல்லது நாலு காசு பறிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று அந்தக் குறிப்பு அலுத்துக் கொள்கிறது. எந்தக் காலத்துப் பிரயாணிக்கும் பொருந்தும் அலுப்பு அல்லவா அது?

இந்த வேடிக்கையோடு கதை முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன். ஆறு ஆண்டு சென்றது. 1586-இல் மாண்டேனின் சொந்தச் சீமையிலேயே கொள்ளைநோய் புகுந்தது. தாயும் மனைவியும் மகளும் சூழ வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வந்தவர்க்கெல்லாம் திறந்திருந்த வீடு அவருடையது. அவருக்குத் திறக்கத்தான் வீடு கிடைக்கவில்லை. அந்தக் குடும்பத்தைக் கண்டு நண்பர்கள் அஞ்சினார்கள். குடும்பத்தார் தங்களைக் கண்டே அஞ்சினார்கள். ஒருவருக்கு விரல் நுனியில் வலி என்றால் போதும், கூட்டம் முழுவதும் இடம்பெயர வேண்டியதுதான். இப்படி ஆறு மாதம் அந்த ஊர்வலத்துக்கு வழிகாட்டியாக அலைந்ததை அவரே தம் கட்டுரை ஒன்றில் எழுதியிருக்கிறார்.

வெரோனாவின் சீட்டு தொல்லைதான். ஆனால் சீட்டே இல்லாத பயம் அதைவிடக் கொடியது என்பதை இந்த ஆறு மாதம் காட்டிவிட்டது. சீட்டைக் காட்டினால் வாயில் திறக்கும். முப்பது நாள் என்றால் முப்பத்தோராம் நாள் விடுதலை உண்டு. மனிதர்களின் பயத்துக்கோ கணக்கும் இல்லை, கெடுவும் இல்லை.

கணக்கும் கெடுவும் வைத்துப் பயத்தை ஆள முடியுமா என்று பெரிய அளவில் பார்த்தவர்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்திகள். துருக்கி சாம்ராஜ்யத்தை ஒட்டிய தங்கள் எல்லையில், அட்ரியாடிக் கடல் முதல் டிரான்சில்வேனிய மலைகள் வரையில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சுகாதார வேலி அமைத்தார்கள். எல்லைப்புற விவசாயிகளே அங்கே சிப்பாய்களாகக் காவல் நின்றார்கள். தெற்கேயிருந்து வருகிறவன் நோயில்லாக் காலத்தில் 21 நாள் காத்திருக்க வேண்டும். கொள்ளைநோய் உண்டென்று உறுதியானால் 84 நாள்! கடிதங்களுக்குப் புகை போட்டார்கள். நாணயங்களைக் காடியில் கழுவினார்கள். சாவடியை ஏமாற்றி நுழைகிறவனைச் சுட்டுவிட உத்தரவு இருந்தது. இந்த வேலி 1871 வரை நின்றது.

1834-இல் கிங்லேக் என்ற ஆங்கில இளைஞர் அந்த எல்லையைக் கடந்தார். இந்தக் கரையில் ஆஸ்திரியாவின் ஸெம்லின். அந்தக் கரையில் துருக்கியர் கோட்டை கட்டியிருந்த பெல்கிரேட். ஒன்றின் கோபுரம் மற்றொன்றுக்குத் தெரியும். ஆனால் அக்கரையைச் சேர்ந்த ஒருவர்மேல் விரல் பட்டுவிட்டால் நீங்களும் அக்கரைக்காரராகி விடுவீர்கள். காவல் நாட்களைக் கழிக்காமல் திரும்ப முடியாது. சட்டத்தை மீறுகிறவனுக்கு நீதிபதி தீர்ப்புச் சொல்வதும் தூரத்திலிருந்தேதான், பாதிரியார் ஆறுதல் சொல்வதும் தூரத்திலிருந்தேதான் என்று கிங்லேக் கேலி செய்கிறார். துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் தீட்டு இல்லை போலும்!

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டு 13-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு, பிரிட்டிஷ் அரசாங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சனிக்கிழமை காலை நாலு மணிக்குப் பிறகு பிரான்சிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும். விடுமுறைக்குக் காரில் போயிருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக் கொண்டு கலே துறைமுகத்தை நோக்கி விரைந்தன. நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் கரை சேர்ந்தவன் ஆரோக்கியவான். ஒரு நிமிஷம் தாமதித்தவன் சந்தேகத்துக்குரியவன். இன்னொரு விதியையும் பாருங்கள். பிரான்ஸ் வழியே வெறுமனே கடந்து வருகிறவர்கள், வண்டியை விட்டிறங்கிப் பிறரோடு கலந்து மீண்டும் ஏறாமலும், புதிதாக யாரையும் ஏற்றிக் கொள்ளாமலும் வந்தால் தனிமை வேண்டாம் என்றது சட்டம். எனக்கு உடனே ஸெம்லின்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று கை பட்டால் தீட்டு. இன்று கால் பட்டால் தீட்டு!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆஸ்திரிய வேலியின் 21-ம் 84-ம் கடுமையானவைதாம். எனினும் அந்தப் படிக்கட்டு முன்கூட்டியே தெரிந்தது. 2020-இல் பிரயாணி புறப்பட்டபோது இருந்த சட்டம் ஒன்று, திரும்பியபோது இருந்த சட்டம் வேறு. பாதையின் நடுவில் மாறும் விதி மலையைவிடப் பெரிய தடை.

இங்கேதான் இன்ஷூரன்ஸ் என்ற சங்கதி தலையிடுகிறது. ஐரோப்பாவில் காரோட்டிகள் நாடு விட்டு நாடு போகப் 'பச்சை அட்டை' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதாரக் குழுவின் ஆதரவில் 1949-இல் பரிந்துரைக்கப்பட்டு, 1953 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்நிய நாட்டில் நம் வண்டி யார்மேலாவது மோதினால் அவருக்கு நஷ்ட ஈடு கிடைக்கும். எதிரே வந்தவரைக் காக்கும் அட்டை அது. ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அதனால் பயனில்லை. அதற்குப் பிரயாண இன்ஷூரன்ஸ் வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு மனுச் செய்யும் நம்மவர்களும் முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் காட்டியாக வேண்டும்.

பத்திரம் கையில் இருந்தால் பயம் தீர்ந்ததா? 2020 மார்ச்சு 11-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இதை உலகளாவிய கொள்ளைநோய் என்று வர்ணித்தது. பலரும் அதன் பிறகுதான் தங்கள் பத்திரங்களின் சின்ன எழுத்துக்களைப் படித்தார்கள். போக வேண்டாம் என்று அரசாங்கம் எச்சரித்த நாட்டுக்குப் போனால் பல பத்திரங்கள் செல்லாது. கொள்ளைநோயால் வரும் நஷ்டத்தை அடியோடு விலக்கியவையும் உண்டு. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் 14 நாள் கூலியைப் பற்றிக் கேட்பாரே இல்லை.

அந்தக் கூலிதான் என் மனத்தை உறுத்துகிறது. ஆஸ்திரியச் சாவடிகளில் பஞ்சும் கம்பளியும் வந்திறங்கும். அவற்றில் நோய் ஒளிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஏழை ஆட்களை அந்தப் பொதிகளின்மேல் படுத்துத் தூங்க வைத்தார்கள். அவன் எழுந்து நடமாடினால் சரக்கு சுத்தம்! நம் ராமநாதபுரம் கரையில் மண்டபம் முகாமை இலங்கை அரசாங்கம் நடத்திய நாட்களிலும், தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளி அங்கே தடுத்து வைக்கப்பட்டுப் பரிசோதனைகளுக்கு உட்பட்ட பிறகுதான் கப்பலேறினான். 2020 டிசம்பர் 20-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் புதுவகைக் கிருமி தோன்றியது என்று பிரான்ஸ் கதவை அடைத்தபோது, கென்ட் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றுவிட்டன. அவற்றின் டிரைவர்களில் பலர் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஓட்டும் ஆசனத்திலேயே கழித்தார்கள்.

இன்ஷூரன்ஸ் என்பது என்ன? ஒருவன் நஷ்டத்தைப் பலர் பகிர்ந்து கொள்வது. தனிமைக்காவல் அதைத் தலைகீழாக்கியது. பலருடைய பயத்தை ஒருவன் சுமப்பது. ஊர் பிழைக்க வேண்டும் என்பதற்காக அவன் வாசலில் நிற்கிறான். நிற்க வைப்பது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ரகூசாக்காரர்கள் முட்டாள்கள் அல்லர். ஆனால் வாசலில் நிற்பவனுக்கு ஊர் ஒரு பிரீமியம் கடன்பட்டிருக்கிறது. எத்தனை நாள் என்று முன்னால் சொல்ல வேண்டும்; அத்தனை நாளும் சோறு போட வேண்டும்; அவன் இழந்த கூலிக்கு ஊர் பதில் சொல்ல வேண்டும்.

அந்த டிசம்பரில் கென்ட் சாலையில் நின்ற டிரைவர்களுக்கு, கிரேவ்ஸெண்டு குருத்துவாராவில் சமைத்த நூற்றுக்கணக்கான சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சீக்கியத் தொண்டர்கள் எடுத்துப் போனார்கள். எந்தப் பத்திரத்திலும் எழுதாத அந்தப் பிரீமியத்தை, சிலராவது அன்று கட்டினார்கள்.