மெடிக்கல் ஷாப்பா, லேபா?

மருத்துவத் துறையில் சிறு முதலோடு இறங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கடை வைப்பது சுலபம், ரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்குவது கடினம் என்று தோன்றும். சட்டத்தைப் புரட்டினால் நிலைமை தலைகீழ்.

மருந்துக்கடைக்கு 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் காட்ட வேண்டும். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து எடுத்துத் தரலாம். அதாவது டி.பார்ம் படித்த ஒருவருக்கு மாதச் சம்பளம். (சான்றிதழை மட்டும் வாடகைக்கு வாங்கி மாட்டிவிட்டு ஆளில்லாமல் நடத்தும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு என்பது தனிக்கதை.) மொத்த விற்பனையில் இறங்குவோருக்கு இன்னொரு வேலியும் இருந்தது. மருந்து வணிகர் சங்கம் தடையில்லாச் சான்று தராவிட்டால் மருந்துக் கம்பெனிகள் அவர்களை ஸ்டாக்கிஸ்டாக ஏற்காது. இந்த வழக்கம் போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2012, 2013ஆம் ஆண்டுகளில் உத்தரவிட்டது.

லேபின் கதை வேறு. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது 1997இல். அதற்கான விதிகள் வந்ததோ 2018இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கதவு ஏறக்குறையத் திறந்தே கிடந்தது. கருவிக்கும் பெருமுதல் தேவையில்லை. பரிசோதனைக்கான ரசாயனத்தை (ரீஏஜென்ட்) தங்களிடமே வாங்குவதாக ஒப்புக்கொண்டால் இயந்திரத்தைக் கம்பெனியே கொண்டுவந்து வைத்துவிடும். அறிக்கையில் நோயியல் மேற்படிப்பு முடித்த மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒன்றுதான் சற்றுக் கனமான நிபந்தனை.

அப்படியானால் புதிய லேப்கள் ஏன் தடுமாறுகின்றன? மருந்துக்கடைக்கு வாடிக்கையாளர் தானாக வருகிறார். சீட்டில் இருப்பது அருகிலுள்ள கடையில் இருந்தால் போதும். லேபுக்கு நோயாளி அனுப்பப்படுகிறார். எங்கே போவது என்பதைப் பெரும்பாலும் மருத்துவர் தீர்மானிக்கிறார். முடிவுகளின் துல்லியத்தை நம்பி ஒரே லேபுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கமிஷன் பேசாமல் பல ஊர்களில் ஒரு சீட்டும் வராது. மருத்துவர்கள் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தடை செய்துள்ளன. தடை காகிதத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் விளம்பரம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது, முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் என்று மருத்துவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சிறியவரால் அது முடியாது.

கடையின் தடை பணமும் காகிதமும் என்பதால் அரசு அதில் கைகொடுக்க முடிகிறது. 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபோது, மருந்தியல் படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் அளிக்கப்பட்டது. லேபுக்கு இதே வைத்தியம் பலிக்காது. மானியம் கொடுத்தால் அதுவும் கமிஷனாகத்தான் போகும். அங்கே செய்ய வேண்டியது, 2002ஆம் ஆண்டு விதியை மருத்துவக் கவுன்சில்கள் உண்மையிலேயே அமல்படுத்துவது.