எண்ணெய் விலையும் எதிர்கால ஒப்பந்தமும்



நாளைய விலை இன்று தெரியாமை வாணிகத்துக்கு என்றும் உள்ள இடர். வேலணைத் தீவின் சரவணையிலே கமக்காரர் ஒருவர் புகையிலை நடுகிறார் எனக் கொள்வோம். நாற்று வேர்கொள்ளுமுன்னரே வியாபாரியிடம் விலையைப் பேசி முடித்துவிடுகிறார். அறுவடைக் காலத்தில் சந்தை விழுந்தால் அவர் தப்பினார். சந்தை உயர்ந்தால் அம்மிகுதி அவருக்கில்லை. அவருக்குப் பணம் கொடுத்துதவியவரின் நிலையும் அதுவே. முதலுக்கு மோசமில்லை, பேரிலாபத்துக்கும் வழியில்லை. இதனை விலைக்காப்பு என்பர்.

இயற்கை வாயு எடுக்கும் கம்பனிகளும் இதனையே பேரளவிற் செய்கின்றன. நியூயோர்க் பண்டச் சந்தையில் இயற்கை வாயுவுக்கான முன்பேர வாணிகம் 1990ஆம் ஆண்டில் தொடங்கியது. வரும் மாதங்களின் வாயுவை இன்றே விலைகுறித்து விற்கும் கம்பனி, தன் கடனுக்குரிய வட்டியையும் பங்காளருக்குரிய ஆதாயத்தையும் ஓரளவு உறுதிசெய்துகொள்கிறது. விலையேறும் ஆண்டிலோ அப்பங்காளர், காப்புச் செய்யாத கம்பனியின் ஊதியத்தைக் கண்டு மனம் புழுங்குவர்.

விற்பவன் விலைவீழ்ச்சிக்கு அஞ்சுவான். வாங்குபவன் விலையேற்றத்துக்கு அஞ்சுவான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குவது. ஆதலின், 2007, 2008ஆம் ஆண்டுகளில் அது சில வங்கிகளோடு விலைக்காப்பு ஒப்பந்தங்கள் செய்தது. முற்கட்டணம் எதுவும் கொடுக்கவில்லை. குறித்த விலைக்கு மேல் எண்ணெய் ஏறினால் வங்கி கொடுக்கும்; குறித்த விலைக்குக் கீழ் இறங்கினால் கூட்டுத்தாபனம் கொடுக்கும். ஆனால், வங்கி கொடுப்பதற்கு ஓர் எல்லை இருந்தது. கூட்டுத்தாபனம் கொடுப்பதற்கு அத்தகைய எல்லை இருக்கவில்லை. குறை இங்கேதான் கிடந்தது.

2008 யூலையில் பீப்பாய் ஒன்று 147 டொலர் வரை ஏறியது. அவ்வாண்டு முடியுமுன் 40 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. ஏறியபோது வந்தது சிறுதொகை. இறங்கியபோது கொடுக்கவேண்டியதோ பெருந்தொகை. 2008 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இக்கொடுப்பனவுகளை இடைக்காலத் தடையால் நிறுத்தியது. பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்குமாறும் அடுத்த மாதம் பணித்தது. அரசு அவ்வாறு விற்கவில்லை. 2009 சனவரியில் மன்று தன் இடைக்கால ஆணைகளை நீக்கிக்கொண்டது.

பின்னர் வழக்கு கடல்கடந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு ஏறத்தாழ 16 கோடி டொலர் கொடுக்கவேண்டுமென 2011இல் இலண்டன் நீதிமன்றம் தீர்த்தது. இத்தகைய ஒப்பந்தம் செய்யத் தனக்குச் சட்ட அதிகாரமே இல்லை என்று கூட்டுத்தாபனம் வாதித்தது, அவ்வாதம் ஏற்கப்படவில்லை. 2012இல் மேன்முறையீடும் தோற்றது. அதே ஆண்டில் டொய்ச்சே வங்கிக்கு 6 கோடி டொலருக்கு மேல் இலங்கை கொடுக்கவேண்டுமென அனைத்துலக நடுவர் மன்று தீர்த்தது. சிற்றி வங்கி தொடுத்த வழக்கில் மட்டும் கூட்டுத்தாபனம் வென்றது.

விலை விழுந்தால் காப்பிலே நட்டம் வருவது இயல்பே. வாங்கும் எண்ணெய் மலிவதால் அந்நட்டம் ஈடாகும். ஆயினும், மலிவின் பயன் வங்கிக்குப் போகுமாயின், உலகச் சந்தையில் விலை விழுந்தும் உள்ளூர்ப் பாவனையாளனுக்கு அது கிட்டாது.

தனியார் கம்பனியின் நட்டத்தைப் பங்காளர் தாங்குவர். அரச கூட்டுத்தாபனத்தின் பங்காளர் யாவர்? நாமனைவருமே. கிணற்றிலே நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கும் சரவணைக் கமக்காரரும், குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறும் பயணியும் அதன் உடைமையாளரே. அவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டாரல்லர். ஆயினும் கடனிற் பங்குடையர். எனவே, பொதுமக்கள் சார்பிலே விலைக்காப்புச் செய்வோர், கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்குமுன், கையைவிட்டுப் போகக்கூடியது எவ்வளவு என்று கேட்டறிதல் வேண்டும்.