ரூம் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த மேப்பைப் பாருங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைச்சாச்சு. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் ரூம் தேடுறீங்க. வாடகை, பஸ், மெஸ் எல்லாம் விசாரிப்பீங்க. ‘மழைக்குத் தண்ணி வருமா?’ன்னு கேட்டா, புரோக்கர் ‘அதெல்லாம் வராது தம்பி’ன்னுதான் சொல்வார். அதை உங்க போன்லயே ஓரளவு சரிபார்த்துடலாம்.

முதல்ல ஆறுகள். இந்தப் பக்கம் உங்க தெருவில் பெய்யும் மழையை மட்டும் பார்த்தா போதாது. ஆரணி ஆறு, ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியா வந்து பழவேற்காடு ஏரியில் கலக்குது. கொசஸ்தலை ஆறு பூண்டியிலிருந்து எண்ணூருக்குப் போகுது. 1944-ல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நிரம்பினா மதகைத் திறந்தே ஆகணும். ‘10,000 கன அடி திறப்பு’ன்னு நியூஸ் வந்தா, விநாடிக்குச் சுமார் 2.83 லட்சம் லிட்டர்னு அர்த்தம். மேப்ல அணையிலிருந்து ஆற்றைப் பிடிச்சுக்கிட்டே கீழே வாங்க. நீங்க பார்த்த ரூம் அதுக்கு எவ்வளவு பக்கம்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது ரேடார் படம். இதுதான் உண்மையிலேயே கில்லாடி. புயல் நாளில் சாதாரண சாட்டிலைட் படத்தில் மேகம்தான் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார், மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். தேங்கி நிற்கும் தண்ணீர் சிக்னலை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் கறுப்பா இருக்கும். கோப்பர்நிக்கஸ் பிரவுசர்ல இலவசமாவே பார்க்கலாம். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர் படத்தையும், அதே வருஷம் மே மாதப் படத்தையும் ஒப்பிடுங்க. மே-யில் இல்லாத கறுப்பு டிசம்பரில் இருந்தா, அந்த இடத்தைக் கொஞ்சம் யோசிங்க. ஆனா, சாட்டிலைட் தினமும் வராது. நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் நிற்கும் தண்ணியும் சரியா பதிவாகாது. அதனால கறுப்பு இல்லைன்னா பத்திரம்னு முடிவு பண்ணிடாதீங்க.

‘கூகுள் எர்த்ல உயரம் காட்டுதே, அது போதாதா?’ன்னு கேட்கலாம். குல்மார்க் மாதிரி பனிச்சறுக்கு மலைகளில் பனிச்சரிவு அபாயத்தை இப்படித்தான் மேப் பண்றாங்க. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சரிவான இடங்கள்தான் ஆபத்து. அவ்வளவு பெரிய மலையில் ஒன்றிரண்டு மீட்டர் தப்பானாலும் சமாளிக்கலாம். நம்ம ஊர் தட்டை. இங்கே ஒரு மீட்டர்தான் வாசப்படிக்கும் கட்டிலுக்கும் உள்ள வித்தியாசம்! ரெண்டு தெருவில் எது மேடுன்னு அந்த நம்பரை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். சுவரில் இருக்கும் பழைய தண்ணீர்க் கறையைப் பாருங்க. டீக்கடையில் கேளுங்க. வாடகை கமிஷன் வாங்காத ஆள் உண்மையைச் சொல்வார்.

மனை வாங்கப்போறவங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேடு பார்க்கலாம். உங்க சர்வே எண்ணோடு நிறுத்தாம, சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்க. உங்க பட்டா சுத்தமா இருந்தும், பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கா இருக்கலாம். பிளாட் போட்டப்ப அந்த ஓடையை மண் கொட்டி மூடியிருந்தா, தண்ணி உங்க மனை வழியாத்தான் போகும்.

குடிவந்தாச்சா? அக்டோபருக்குள் டிஎன்-ஸ்மார்ட் ஆப்பை இறக்கி, லொகேஷனை ஆன் பண்ணுங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. பூண்டி, பிச்சாட்டூர் பேர் நியூஸ்ல அடிபட்டா, பைக்கை மேடான இடத்தில் நிறுத்திட்டு, சர்ட்டிபிகேட் ஃபைலைப் பரண்ல போட்டுடுங்க.