புராஸ்டேட் புற்றுநோய் இயக்குநீர் சிகிச்சையில் தூக்கமின்மை

புராஸ்டேட் புற்றுநோய் இயக்குநீர் சிகிச்சையில் தூக்கமின்மை என்பது, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் (முன்னிற்கும் சுரப்பி) தோன்றும் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரைக் குறைக்கும் சிகிச்சை அளிக்கப்படும் காலத்தில் ஏற்படும் உறக்கக் குறைபாட்டைக் குறிக்கும். உறக்கம் வரத் தாமதமாதல், இரவில் பலமுறை விழித்தல், அதிகாலையில் விழித்தபின் மீண்டும் உறங்க இயலாமை ஆகியன இதன் வடிவங்கள் ஆகும். இது இச்சிகிச்சை பெறுவோரிடம் பரவலாகக் காணப்படும் ஒரு தொல்லை. எனினும் புற்றுநோயோடு ஒப்பிடுகையில் சிறியது என்று எண்ணிப் பலர் இதனை மருத்துவரிடம் கூறுவதில்லை.

இத்தூக்கமின்மைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. சிகிச்சை தூண்டும் உடல் மாற்றங்கள் உறக்கத்தை முதலில் குலைக்கின்றன. பின்னர் நோயாளியின் பழக்கங்கள் அதனை நிலைக்கச் செய்கின்றன. ஆகவே இரண்டையும் தனித்தனியே கண்டறிந்து சரிசெய்வதே இதனைச் சமாளிக்கும் முறையின் அடிப்படையாகும்.

சிகிச்சையின் பின்னணி

புராஸ்டேட் புற்றணுக்களின் வளர்ச்சிக்கு டெஸ்டோஸ்டிரோன் துணைபுரிகிறது. விந்தகங்களை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ உடலில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் தணிகிறது என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் ஆகியோர் 1941ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துறையில் செய்த பணிக்காக ஹக்கின்ஸ் 1966ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

விந்தகங்களைத் தூண்டும் சங்கிலியின் தொடக்கம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ளது. அங்குச் சுரக்கும் எல்.எச்.ஆர்.எச். என்னும் இயக்குநீரின் அமைப்பு 1971ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினரால் அறியப்பட்டது. அதன் பின்னர் அறுவை சிகிச்சை இன்றி ஊசி மூலமே டெஸ்டோஸ்டிரோனை அடக்க முடிந்தது. லியூப்ரோலைடு ஊசி 1985ஆம் ஆண்டிலும், டெகாரெலிக்ஸ் ஊசி 2008ஆம் ஆண்டிலும், ரெலுகோலிக்ஸ் மாத்திரை 2020ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவற்றுடன் அபிராடெரோன், என்சலுட்டமைடு, அபலுட்டமைடு, டாரோலுட்டமைடு போன்ற மாத்திரைகளும் தேவைக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன.

கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுக்கப்படும்போது இச்சிகிச்சை சில மாதங்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கலாம். நோய் உடலில் பரவியிருந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஆகவே தூக்கமின்மையைச் "சில நாள் தொல்லை" என்று பொறுத்துக்கொள்வது பலருக்கு இயலாததாகும்.

தூக்கமின்மையின் வரையறை

வாரத்தில் குறைந்தது 3 இரவுகள் வீதம் 3 மாதங்களுக்கு உறக்கக் குறைபாடு நீடித்து, அதனால் பகல் வாழ்க்கையும் பாதிக்கப்படுமாயின் அது நாட்பட்ட தூக்கமின்மை எனப்படும். ஓரிரு இரவுகள் உறங்காமல் இருப்பது நோயன்று. உறங்கப் போதிய வாய்ப்பு இருந்தும் உறக்கம் வராமையே தூக்கமின்மை என்பது குறிப்பிடத்தக்கது.

காரணங்கள்

வெப்பப் பாய்ச்சல்

முகம், கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் திடீரென வெப்பம் பரவி வியர்ப்பது வெப்பப் பாய்ச்சல் எனப்படுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு ஏற்படுவதும் இதுவே. டெஸ்டோஸ்டிரோன் குறையும்போது உடல் வெப்பத்தைச் சீராக்கும் ஹைப்போதலாமஸ் நரம்பணுக்கள் கூருணர்வு அடைகின்றன. இதனால் உடல் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் மூளை அதனைக் கடும் வெப்பமாகக் கணித்து, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் தூண்டுகிறது. சில நொடிகள் முதல் பல நிமிடங்கள் வரை இது நீடிக்கும். பின்னர் வியர்வை உலர்வதால் குளிர் நடுக்கம் ஏற்படலாம். ஓர் இரவில் இது பலமுறை நிகழ்ந்தால் ஆழ்ந்த உறக்கம் துண்டு துண்டாகிறது.

இரவில் சிறுநீர் கழித்தல்

புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருத்தல், கதிர்வீச்சால் சிறுநீர்ப்பை எரிச்சலுறுதல், மாலையில் உட்கொள்ளும் சிறுநீர்ப் பெருக்கி மருந்துகள், நீரிழிவு, பகலில் கால்களில் தேங்கிய நீர் படுத்தபின் இரத்தத்தில் கலத்தல் ஆகியன இரவில் எழச் செய்கின்றன. உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதாலும் இரவில் சிறுநீர் மிகுதியாகச் சுரக்கும்.

பிற மருந்துகள்

அபிராடெரோனுடன் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து சேர்த்து அளிக்கப்படுகிறது. வேதிச்சிகிச்சை நாட்களில் டெக்சாமெத்தாசோன் அளிக்கப்படுகிறது. இவ்விரண்டும் மாலையில் உட்கொள்ளப்பட்டால் உறக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. என்சலுட்டமைடு போன்ற மருந்துகள் மிகுந்த சோர்வை உண்டாக்குகின்றன. அச்சோர்வால் பகலில் நெடுநேரம் உறங்குவோருக்கு இரவு உறக்கம் குறைகிறது.

மனநிலையும் உடல் எடையும்

இயக்குநீர்க் குறைவு மனச்சோர்வுடன் தொடர்புடையது. பாலுறவு நாட்டம் குறைதல், உடல் தோற்ற மாற்றம், அடுத்த பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் முடிவு பற்றிய அச்சம் ஆகியனவும் இரவிலேயே மனத்தை அழுத்துகின்றன. இச்சிகிச்சையால் தசை குறைந்து கொழுப்பு கூடுவதால், உரத்த குறட்டையுடன் கூடிய உறக்க மூச்சுத் தடை தோன்றலாம் அல்லது முன்பே இருந்தது மோசமாகலாம்.

பழக்கமாக நிலைத்தல்

ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் தூக்கமின்மையை மூன்று வகைக் காரணிகளால் விளக்கினார். அவை இயல்பிலேயே உள்ள சாய்வு, தூண்டும் நிகழ்வு, நிலைக்கச் செய்யும் பழக்கம் என்பன. இங்கு இயக்குநீர் சிகிச்சை தூண்டும் நிகழ்வு ஆகும். இழந்த உறக்கத்தை ஈடுசெய்ய முன்னதாகவே படுத்தல், காலையில் நெடுநேரம் படுக்கையில் கிடத்தல், மணியைப் பார்த்துக்கொண்டே இருத்தல் ஆகியன மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடுகிறது. வெப்பப் பாய்ச்சல் தணிந்த பின்னரும் உறக்கம் திரும்பாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கண்டறிதல்

இரண்டு வாரங்களுக்குத் தூக்கக் குறிப்பேடு ஒன்றை எழுதுவது முதற்படியாகும். படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், விழித்த தடவைகள், ஒவ்வொரு விழிப்புக்கும் காரணம் (வியர்வை, சிறுநீர், வலி, கவலை), எழுந்த நேரம், பகல் உறக்கம், மருந்து உட்கொண்ட நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுதவேண்டும். வியர்வையால் எழுபவருக்கும் சிறுநீருக்காக எழுபவருக்கும் தேவைப்படும் சிகிச்சை வேறு வேறு ஆதலால், இக்குறிப்பேடு மருத்துவருக்கு மிகவும் பயன்படும். மூச்சு நின்று திணறுவதை உடன் உறங்குபவர் கண்டிருந்தால் அதனையும் தெரிவித்தல் வேண்டும்.

சமாளிக்கும் முறைகள்

வெப்பப் பாய்ச்சலுக்கு

* அறையைக் குளிர்ச்சியாகவும் காற்றோட்டமாகவும் வைத்தல். மின்விசிறியின் விசையைக் கைக்கெட்டும் இடத்தில் அமைத்தல்.
* தடித்த ஒரே போர்வைக்குப் பதிலாக எளிதில் விலக்கக்கூடிய மெல்லிய பருத்தி விரிப்புகளைப் பயன்படுத்துதல். மாற்று உடையைத் தலைமாட்டில் வைத்தல்.
* மது, காரமான இரவு உணவு, படுக்கும்முன் சூடான பானம் ஆகியவற்றைத் தவிர்த்துப் பார்த்தல்.
* வெப்பம் தொடங்கும்போது பதறாமல் வயிற்றால் மெதுவாக மூச்சு விடுதல்.

இங்கிலாந்தில் மான்கான் என்ற பெயரில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, வழிகாட்டலுடன் கூடிய சுய உதவி நடத்தைச் சிகிச்சையைச் சோதித்தது. ஆறு வார முடிவில் வெப்பப் பாய்ச்சல் தரும் தொல்லை அச்சிகிச்சை பெற்ற ஆண்களிடம் குறைந்திருந்தது.

தொல்லை கடுமையாயின் மருந்துகள் உண்டு. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டுதல், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் முதலில் 10 வாரங்களுக்கு அளிக்கப் பரிந்துரைக்கிறது. வென்லாஃபாக்சின், காபாபென்டின் ஆகியனவும் சிலருக்கு ஓரளவு பயனளிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கவிளைவுகள் உள்ளமையால் இவை மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே உட்கொள்ளத் தக்கவை.

இரவுச் சிறுநீருக்கு

பகலில் போதிய நீர் அருந்தி, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு முன் குறைத்துக்கொள்ளலாம். நீரை முற்றிலும் நிறுத்துதல் கூடாது. கால் வீக்கம் உள்ளவர்கள் மாலையில் சிறிது நேரம் கால்களை உயர்த்தி வைப்பது உதவும். சிறுநீர்ப் பெருக்கி மருந்தின் நேரத்தை மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்கவேண்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் மங்கலான விளக்கு இருத்தல் நன்று.

நடத்தைச் சிகிச்சை

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அளிக்கவேண்டியது மாத்திரை அன்று, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இதன் இரு முதன்மைக் கூறுகள் பின்வருமாறு.

தூண்டல் கட்டுப்பாடு: ரிச்சர்ட் பூட்ஸின் 1972ஆம் ஆண்டில் விளக்கிய முறை. உறக்கம் வரும்போது மட்டும் படுத்தல், ஏறக்குறைய 20 நிமிடங்களில் உறக்கம் வராவிடில் எழுந்து வேறிடம் சென்று அமைதியாக எதையேனும் செய்தல், மீண்டும் உறக்கம் வரும்போது திரும்புதல், எவ்வளவு குறைவாக உறங்கியிருந்தாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல் ஆகியன இதன் விதிகள்.

படுக்கை நேரக் கட்டுப்பாடு: ஸ்பீல்மன் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை. எடுத்துக்காட்டாக, ஒருவர் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை 9 மணி நேரம் படுக்கையில் இருந்து, ஐந்தரை மணி நேரம் மட்டுமே உறங்குகிறார் எனக் கொள்வோம். அவர் படுக்கையில் இருக்கும் நேரத்தில் 61 விழுக்காடே உறக்கம். அவர் இரவு பன்னிரண்டரை மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுமாறு தொடங்குகிறார். உறக்கம் 85 விழுக்காட்டை எட்டியதும் படுக்கும் நேரம் 15 நிமிடம் முன்னதாக்கப்படுகிறது. படுக்கை நேரத்தை 5 மணிக்குக் கீழே குறைத்தல் கூடாது. தொடக்க வாரங்களில் பகல் உறக்கம் மிகும் என்பதால் வாகனம் ஓட்டுவோர் கவனமாக இருத்தல் வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களும் எளிதில் விழும் நிலையில் உள்ள முதியவர்களும் இம்முறையைத் தாமாகத் தொடங்கக்கூடாது.

உடற்பயிற்சியும் பகல் ஒழுங்கும்

நடைப்பயிற்சியும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் சோர்வைக் குறைக்கின்றன. இச்சிகிச்சையால் இழக்கப்படும் தசையைக் காக்கவும் அவை உதவுகின்றன. காலை வெளிச்சத்தில் நடப்பது உடலின் நாட்கடிகாரத்தை ஒழுங்குபடுத்தும். பகலில் உறங்கியே ஆகவேண்டுமெனில் பிற்பகல் 3 மணிக்கு முன் அரை மணி நேரத்திற்கு மேற்படாமல் உறங்கலாம். நண்பகலுக்குப்பின் காப்பி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்ப்பது நன்று. ஸ்டீராய்டு மருந்தைக் காலையில் உட்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

தூக்க மாத்திரைகளும் இடர்களும்

இச்சிகிச்சை பெறுவோருக்குத் தூக்க மாத்திரைகளால் ஏற்படும் இடர் பிறரைவிடக் கூடுதலாகும். டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளும் சோல்பிடெம் போன்றவையும் முதியவர்களிடம் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழும் ஒருவர் அந்நிலையில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

டைஃபென்ஹைட்ரமின் போன்ற, மருந்துச்சீட்டின்றிப் பல நாடுகளில் கிடைக்கும் ஒவ்வாமை மருந்துகள் உறக்கம் தந்தாலும், புராஸ்டேட் நோயாளிகளுக்குச் சிறுநீர் முற்றிலும் அடைபடச் செய்யலாம். என்சலுட்டமைடு, அபலுட்டமைடு ஆகியன கல்லீரல் நொதிகளைத் தூண்டிப் பல மருந்துகளை விரைவில் சிதைக்கின்றன. வலிப்பு வரும் வாய்ப்பையும் சற்றுக் கூட்டுகின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைவு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் பாதிக்கலாம் என்பதால், அதே விளைவுடைய சில மனச்சோர்வு மருந்துகளைச் சேர்க்கும்போது இதய வரைபடம் தேவைப்படலாம். ஆகவே மூலிகை மருந்து உட்பட உட்கொள்ளும் அனைத்தையும் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரிவித்தல் இன்றியமையாதது.

நீடித்து வெளிப்படும் 2 மி.கி. மெலடோனின் மாத்திரை, 55 வயதுக்கு மேற்பட்டோரின் குறுகியகாலப் பயன்பாட்டிற்கு ஐரோப்பாவில் 2007ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. இதன் பயன் மிதமானதே.

சிகிச்சையை நிறுத்துதல்

உறக்கம் இன்றித் தவிக்கும் சிலர் அடுத்த ஊசியைத் தவிர்க்க எண்ணுகின்றனர். மருத்துவரின் அறிவுரையின்றி அவ்வாறு செய்தல் நோயை மீண்டும் வளரவிடக்கூடும். மேலும் ஊசியின் விளைவு உடனே நீங்குவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். எனவே ஊசியைத் தவிர்ப்பவர் அன்றிரவே உறங்கிவிடுவதில்லை. மாறாக, தொல்லையை மருத்துவரிடம் கூறினால் மருந்தை மாற்றுதல், தகுதியுள்ளவர்களுக்கு இடைவெளி விட்டு அளித்தல் போன்ற வழிகளை அவர் ஆராய இயலும்.

மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், சிறுநீர் அடைப்பு, கால்களில் திடீர் வலுவின்மையுடன் கூடிய முதுகுவலி, காய்ச்சலுடன் இரவு வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினும் காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும்.

இவற்றையும் பார்க்க

* புராஸ்டேட் புற்றுநோய்
* டெஸ்டோஸ்டிரோன்
* தூக்கமின்மை
* உறக்க மூச்சுத் தடை
* எலும்புப்புரை

மருத்துவக் குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்காக மட்டுமே எழுதப்பட்டது. இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.