நார்க்கலவைக் குழாய்களும் பினாங்கின் நில அசைவும்

கண்ணாடி நாரைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து, உருளை அச்சின்மேல் சுற்றி இறுகவைத்துச் செய்யப்படுவது நார்க்கலவைக் குழாய். பெரிய விட்டமுள்ளவற்றில் சுவரின் நடுவே மணலும் சேர்ப்பார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது. உப்பேறிய கடலோர மண்ணில் இரும்புக்கு மாற்றாக இது வந்ததற்கு இவையே காரணம். கல்நார் சிமெண்ட் குழாயும் நார்க்கலவைதான். மலேசியா முழுவதும் 20ஆம் நூற்றாண்டில் ஏராளமாகப் பதிக்கப்பட்ட அந்தக் குழாய், தரை சற்று வளைந்தாலே குறுக்காக ஒடியும். கண்ணாடி நார்க் குழாய் அப்படியல்ல. மண் அழுத்தினால் வட்டம் சப்பையாகி இடங்கொடுக்கும்.

நிலம் அசைவதென்றால் பலருக்கு நிலநடுக்கம்தான் நினைவுக்கு வரும். சுமத்ராவில் பெரிய நடுக்கம் வரும்போது பினாங்கின் அடுக்குமாடிகளில் ஆட்டம் உணரப்படுவதுண்டு. தொலைவிலிருந்து வரும் நெடிய அலைகள் உயர்ந்த கட்டடத்தை ஊஞ்சலாட்டும். மண்ணோடு சேர்ந்தே அசையும் குழாயை அவ்வளவாகப் பாதிக்கா. ஜார்ஜ் டவுனில் கவலைக்குரியது மெல்ல நிகழும் அமிழ்வு. தீவின் நடுவில் 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலையும் அதைச் சூழ்ந்த கருங்கல் தொடரும் நிற்க, கிழக்குச் சமவெளியின் கரையோரத்தில் மென்மையான கடற்களிமண் கிடக்கிறது. வெல்ட் கீ கரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. தஞ்சோங் தொக்கோங்கின் செரி தஞ்சோங் பினாங் அண்மைக் காலத்தது; தெற்குக் கரையில் சிலிகான் தீவின் பணி 2023இல்தான் தொடங்கியது. மேலே மண் கொட்டினால் களிமண்ணிலுள்ள நீர் பல்லாண்டுகள் மெல்லக் கசிந்து வெளியேறும். அந்த அளவுக்குத் தரை இறங்கும்.

குழாயின் சப்பையாதலைக் கணிக்க உதவுவது ஐயோவா சூத்திரம். எம்.ஜி. ஸ்பேங்ளர் 1941இல் வகுத்ததை ஆர்.கே. வாட்கின்ஸ் 1958இல் திருத்தினார். சுமையைத் தாங்குவதில் குழாயின் விறைப்பும் பக்கவாட்டு மண்ணின் விறைப்பும் இதில் தனித்தனி உறுப்புகளாக நிற்கின்றன. சதுர மீட்டருக்கு 5000 நியூட்டன் விறைப்புத் தரமுள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் பங்கு 0.04 மெகாபாஸ்கல். நன்கு திமிசுகட்டிய சரளை மண்ணின் எதிர்ப்பு 10 மெகாபாஸ்கல் என்றால், சூத்திரத்தில் அதன் பங்கு 0.61, அதாவது குழாயைப்போல் பதினைந்து மடங்கு. மண் 1 மெகாபாஸ்கலே தரும் இளகிய களிமண்ணாக இருந்தால் மடங்கு ஒன்றரையாகச் சுருங்கிவிடும். நீண்டகாலச் சப்பையாதல் விட்டத்தின் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. ஆகவே குழாயின் தரத்தைக் கூட்டுவதைவிடப் பள்ளத்தை அகலமாகத் தோண்டிச் சரளையிட்டுத் திமிசுகட்டுவதே பெரும்பாலும் மலிவு. ஒப்பந்த வேலைகளில் முதலில் அவசரப்படுத்தப்படுவதும் இதுதான் என்பது வருந்தத்தக்கது.

நீளவாக்கில் நிலைமை வேறு. குழாய்வரிசை முழுதும் சீராக இறங்கினால் கேடில்லை. தூண்களின்மேல் நிற்கும் வால்வு அறை அசையாமலிருக்க, அதையொட்டிய தூர்த்த நிலம் இறங்கும் இடத்தில்தான் ஆபத்து. ரப்பர் வளையமிட்ட உறை இணைப்பு ஓரளவு திரும்பும்: விட்டம் 500 மி.மீ. வரை பொதுவாக 3 பாகை, 900 முதல் 1800 மி.மீ. வரை 1 பாகை. 6 மீட்டர் நீளக் குழாய் 3 பாகை திரும்பினால் அதன் மறுமுனை 31 செ.மீ. தாழ்ந்துவிடும். ஆயினும் அறைச் சுவரில் பதிந்த இணைப்பையடுத்து நீளக் குழாயை நேரடியாகப் பொருத்துவதில்லை. விட்டத்தின் ஒன்று முதல் இரண்டு மடங்கு நீளமுள்ள குட்டைத் துண்டு ஒன்றை இடையில் வைப்பார்கள். அதன் இரு முனைகளும் திரும்புவதால் இறக்கத்தை அந்தத் துண்டு ஏற்றுக்கொள்ளும். இந்தத் துண்டை விட்டுவிட்டால் வளைவு முழுதும் குழாய்ச் சுவரில் விழும்.

எஃகு நெளிந்து நீளும்; நார்க்கலவைக்கு அந்தத் தாராளம் கிடையாது. திரிபு மிகும்போது முதலில் பிசினில் நுண்பிளவுகள் தோன்றி நீர் வியர்வைபோலக் கசியும்; நார் அறுவது அதற்குப் பிறகே. நீண்டநாள் சுமையில் பிசின் தளர்வதால், வடிவமைப்புக்கு முதல்நாள் வலிமையை எடுத்துக்கொள்ளாமல் 50 ஆண்டுக்குப் பின் எஞ்சும் வலிமையையே கணக்கிடுகிறார்கள். களிமண் அமிழ்வும் பல்லாண்டு நீள்வது என்பதால் பினாங்குக்கு இந்தக் கணக்கே பொருத்தம்.

காலியான குழாய் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது மிதந்தெழும் வாய்ப்பும் உண்டு. மேல்மண் போதாத இடத்தில் கான்கிரீட் எடையோ பட்டைக் கட்டோ வேண்டும்.

மலைச்சரிவில் சிக்கல் இன்னொன்று. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையில் தீவில் பல இடங்களில் மண் சரிந்தது. சரியும் மண் குழாயை நீளவாக்கில் இழுக்கும். சாதாரண உறை இணைப்பு இழுவையைத் தாங்காமல் கழன்றுவிடும். அங்கே பூட்டும் இணைப்போ, நார்ப்பாயைப் பிசினால் ஒட்டிக் கட்டிய இணைப்போதான் தேவை. அவற்றுக்கேற்ப நீளவாக்கு நாரைக் கூட்டிய குழாயைக் கேட்டுத் தருவிக்க வேண்டும்.